ஏணி ஏறும் நாய்

அம்மாவுக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம். அம்மாவைத் தவிர எல்லாரும்.

அப்பா போன பிறகு அம்மா ரிங்லெட்டில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். வரிசை வீடு. முன்னால் ஒரு கார் நிற்கும் அளவு சிமெண்டுத் தரை. பின்னால் நாலு வாழை வைக்கும் அளவு மண். அதைத் தாண்டினால் தேயிலைச் சரிவு. இரவில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. ஒரு நாய் இருந்தால் நல்லது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஆரம்பித்தது. "கேமரன்ல குளிர்தானே, ஹஸ்கி வாங்கலாம்" என்றான் அக்கா மகன். மச்சானுக்கு ஜெர்மன் ஷெப்பர்டுதான் சரி, திருட்டுப் பயம் இருக்காது. கடைசித் தங்கை டாய் பூடல் படங்களாக அனுப்பித் தள்ளினாள். ஒரு நாள் முழுக்க இது ஓடிய பிறகு அம்மாவின் குரல் வந்தது.

"நாயி என்னா தீபாவளிக்குச் சீலை எடுக்கிற மாதிரியா? கலர் பாக்குறீங்க, வெலை பாக்குறீங்க. மொதல்ல வீட்டப் பாருங்கடா."

பதினொரு விநாடிக் குரல்பதிவு. குழு அதோடு அமைதியாகிவிட்டது. எனக்கு மட்டும் அந்த வாக்கியம் போகவில்லை. எங்கள் குடும்பத்துக்கு நாய் விஷயத்தில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அம்மா சொன்னபடி வீட்டைப் பார்ப்போம் என்று நினைத்தேன். இந்த மலையில் யார் யார் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார்கள், அந்த வீட்டுக்குள் எந்த நாய் வந்தது, ஏன் வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் என்னை நேராக ஓர் ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தியது.

1

கேமரன் மலைக்கு அந்தப் பெயரைக் கொடுத்த வில்லியம் கேமரன் 1885-இல் நில அளவைக்காக இங்கே வந்தவர். அவர் வருவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே இங்கே ஒராங் அஸ்லி மக்கள் இருந்தார்கள். குறிப்பாகச் செமாய் மக்கள். மலையின் வடக்குப் பக்கம் தெலோம் என்று ஓர் ஆறு ஓடுகிறது. கம்போங் ராஜா, புளூவேலி பக்கம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். பல்லாயிரம் மைல் தாண்டி அமெரிக்காவில் ஒரு நாயினத்துக்கு இந்த ஆற்றின் பெயர்தான். தெலோமியன்.

1963-இல் ஓர்வில் எலியட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இந்த நாய்களைக் கண்டு, ஒரு சோடியை அமெரிக்காவுக்கு அனுப்பினார். மலேசியா என்ற நாடு உருவானதும் அதே ஆண்டுதான். அங்கே ஜான் பால் ஸ்காட் என்ற அறிவியலாளரின் பொறுப்பில், பிறகு ஒஹாயோவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில், அந்த வம்சம் வளர்க்கப்பட்டது. சிறிய நாய். பத்துக் கிலோவுக்கு முன்னே பின்னே. குட்டை முடி, தூக்கிய காது, நெற்றியில் சுருக்கம். ஆப்பிரிக்காவின் பசெஞ்சிக்கும் ஆஸ்திரேலியாவின் டிங்கோவுக்கும் நடுவில் எங்கோ வைக்கத்தக்கது என்று எழுதியிருக்கிறார்கள்.

அதைப் பற்றி எழுதியவர்கள் மறக்காமல் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. அது ஏணி ஏறும். ஒராங் அஸ்லி வீடு கால்களின்மேல் நிற்கும் மூங்கில் வீடு. ஆள் உயரத்துக்கும் மேலே தளம். ஏறுவதற்கு ஓர் ஏணி. கீழே சேறு, அட்டை, பாம்பு, இரவில் புலி. மனிதர்கள் எந்த ஏணியில் ஏறிப் படுத்தார்களோ அதே ஏணியில் நாயும் ஏறிப் படுத்தது. சாப்பாடும் அதே வீட்டுச் சாப்பாடுதான். மரவள்ளி, மீன், பழம்.

இதைப் படித்ததும் எனக்கு அம்மாவின் பேச்சுதான் ஞாபகம் வந்தது. தெலோம் நாயை யாரும் கடையில் போய்த் தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டின் வடிவம்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஏணி ஏற முடிந்தது பிழைத்தது. ஏற முடியாதது கீழே கிடந்தது.

2

இந்த எலியட்டைப் பற்றி இன்னொரு செய்தி இருக்கிறது. குட்டி வாங்க நினைக்கிற யாருக்கும் இது பயன்படும்.

மலேசியாவுக்கு வருவதற்கு முன் எலியட், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் இருந்த ஜாக்சன் ஆய்வகத்தோடு தொடர்புடையவர். ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அங்கே பல ஆண்டுகள் ஐந்து வகை நாய்களை வளர்த்து ஆராய்ந்தார்கள். பசெஞ்சி, பீகிள், காக்கர் ஸ்பேனியல், ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஃபாக்ஸ் டெரியர். 1965-இல் அது பெரிய புத்தகமாக வந்தது. அதற்கு முன்பே, 1961-இல், ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள்.

அவர்கள் செய்தது இதுதான். எட்டு ஈற்றுக் குட்டிகளை உயர்ந்த வேலி போட்ட திறந்தவெளியில், தாயோடு, மனிதர் கண்ணில் படாமல் வளர்த்தார்கள். சில குட்டிகளை 2-ஆவது வாரம், சிலவற்றை 3, 5, 7, 9-ஆவது வாரம் என்று எடுத்து ஒரே ஒரு வாரம் மட்டும் மனிதர்களோடு பழகவிட்டு, மறுபடி உள்ளே விட்டார்கள். சில குட்டிகளை 14 வாரம் வரை தொடவே இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து பார்த்தபோது, இடையில் பழகிய குட்டிகளை மனிதர்களிடம் திரும்பக் கொண்டுவர முடிந்தது. தொடாமலே விட்டவை காட்டு மிருகம் போல ஆகியிருந்தன. நல்ல சாப்பாடு, நல்ல தாய், நல்ல வம்சம். எல்லாம் இருந்தும் அந்தச் சில வாரங்கள் மட்டும் கிடைக்காமல் போனதற்கு அவை கொடுத்த விலை அது.

மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை என்று இன்று எல்லாக் கால்நடை மருத்துவரும் சொல்கிற கணக்கு இந்த ஆய்வுகளிலிருந்து வந்ததுதான். அந்த நாட்களில் ஒரு குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ அதையெல்லாம் தன் உலகமாக எடுத்துக்கொள்கிறது. மழைச் சத்தம், லோரிச் சத்தம், பிள்ளைகள், கிழவர்கள், கைத்தடி, கோயில் மேளம். ஆகவே கடைக் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கும் நான்கு மாதக் குட்டியைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி "என்ன ஜாதி" அல்ல. "இத்தனை வாரம் எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது" என்பதுதான்.

அப்படி ஓர் ஆய்வில் கைவைத்த மனிதர் இரண்டு ஆண்டு கழித்து தெலோம் கரை நாய்களைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார் என்று யோசிப்பேன். மெய்னில் வேலி போட்டு, வாரக் கணக்கு எழுதிக் கண்டுபிடித்ததை, இங்கே ஒரு மூங்கில் வீடு ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. பத்துப் பேர் படுத்திருக்கும் தளத்தில் பிறக்கிற குட்டிக்கு மனிதர் இல்லாத வாரம் என்று ஒன்று கிடையாது.

3

எங்கள் ஆட்களின் வீடு வேறு.

1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இந்த மலையைப் பார்த்த பிறகுதான் இதை ஓய்வுநகரமாக்கும் பேச்சு சூடுபிடித்தது. 1929-இல் ஜே.ஏ. ரஸல் தேயிலைக்கு நிலம் பெற்றார். இலங்கையில் தேயிலை போட்டுப் பழகிய ஏ.பி. மில்ன் கூட்டாளி. போ தோட்டத்தின் தொடக்கம் அது. தாப்பாவிலிருந்து சாலை ஏறியது. கூடவே தமிழர்களும் ஏறினார்கள். தாத்தா சிறுவனாக, சித்தப்பா ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர். 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால்.

தாத்தா சாத்தூர்ப் பக்கத்து ஆள். அந்த ஊர்க்காரர்களுக்கு நாய் என்றால் சிப்பிப்பாறை. கரிசல் வெளியில் முயலுக்குப் பின்னால் காற்றாகப் போகிற, ஒட்டிய வயிறும் நீண்ட காலும் உள்ள நாய். "அந்த நாய இங்க கொண்டாந்திருந்தா ரெண்டு நாள்ல செத்திருக்கும்" என்று தாத்தா சொல்வாராம். ஓடுவதற்கு வெளி இல்லை. மழை. வழுக்குகிற சரிவு. நெருக்கமாக வெட்டி விட்ட தேயிலைச் செடிக்குள் நாய் ஓட முடியாது, நுழையத்தான் முடியும். ஆகவே தாத்தாவுக்குப் பிடித்த நாய் ஊரிலேயே நின்றுவிட்டது. இங்கே கிடைத்தது கம்பத்து நாய்.

தோட்டத்தில் இரண்டு வகை வீடு. மேட்டில் துரை பங்களா. பள்ளத்தில் லயம். பங்களா நாய்க்குத் தனி ஆள், தனிச் சாப்பாடு, ஆங்கிலப் பெயர். லயத்து நாய்க்கு ஆள் கிடையாது. ஆனால் பெயர் மட்டும் மேட்டிலிருந்து உருண்டு வந்துவிட்டது. ஜிம்மி, டைகர், ரோசி, பிளாக்கி. என் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கண்ணியமாகத் தமிழ்ப் பெயர் தேடித் தேடி வைத்த தாத்தா, நாய்க்கு மட்டும் கடைசிவரை ஜிம்மி என்றுதான் வைத்தார். ஒரு ஜிம்மி செத்தால் அடுத்த ஜிம்மி.

லயத்து வீடு என்பது ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் அஞ்சடி. சுவர் பொதுச்சுவர். அடுத்த வீட்டு இருமல் இங்கே கேட்கும். இந்த வீட்டுக்கு எப்படிப்பட்ட நாய் சரிப்படும்? சும்மா குரைக்கக் கூடாது, மண்டோர் திட்டுவார். கோழியைத் தொடக் கூடாது, அடுத்த வீட்டோடு சண்டை வரும். பிள்ளை வாலைப் பிடித்து இழுத்தாலும் பொறுக்க வேண்டும். ஆனால் பின்புறத் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் எழுப்ப வேண்டும். சோறும் கருவாட்டுத் தலையும் போதும் என்று இருக்க வேண்டும். இவ்வளவு நிபந்தனையும் யாரும் எழுதி வைத்ததில்லை. சரிப்படாத நாய் லயத்தில் நிலைக்கவில்லை, அவ்வளவுதான். தெலோம் வீட்டுக்கு ஏணி என்றால் லயத்துக்குப் பொதுச்சுவர்.

குட்டி எடுக்கிற முறை ஒன்று தாத்தாவிடம் இருந்தது. நகத்தை எண்ணுவார். நாய்க்குப் பொதுவாகப் பதினெட்டு நகம். பின்னங்காலிலும் ஒட்டுநகம் இருந்து இருபது வந்தால் அது வேட்டைக்கு நிற்கும் என்பது நம்பிக்கை. பிறகு தாயைப் போய்ப் பார்ப்பார். நகக் கணக்குக்கு அறிவியலில் இடமில்லை. தாயைப் பார்ப்பதற்கு உண்டு. தாய் ஆளைக் கண்டு மிரண்டால் குட்டியும் மிரளப் பழகும்.

இந்த முறையின் இருண்ட பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பெட்டைக்குட்டியை யாரும் எடுக்கவில்லை. ஆண்குட்டிகள் போன பிறகு மீதியைச் சாக்கில் போட்டு ஆற்றோரம் விட்டுவந்த கதை எல்லா லயத்திலும் உண்டு. எங்கள் லயத்திலும் உண்டு. சாக்கைத் தூக்கிப் போனவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர்.

4

1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை வரை நீடித்தது. கேமரன் மலைக் காடு கம்யூனிஸ்டுகள் நடமாடிய காடு. லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி, அரிசிக்குக் கணக்கு, மாலைக்குப் பிறகு வெளியே வரத் தடை.

அந்தக் காலத்தில் இந்தக் காட்டுக்குள் இன்னொரு வகை நாய் வந்தது. பிரிட்டிஷ் விமானப்படைப் போலீசின் மோப்ப நாய்கள். பாபி, ஜாஸ்பர், லாஸி, லக்கி என்று நான்கு நாய்கள் கொண்ட ஒரு குழு மலாயாவில் வேலை செய்தது. லக்கி ஜெர்மன் ஷெப்பர்டு. 1949 முதல் 1952 வரை காவல்துறையோடும் பல ராணுவப் படைப்பிரிவுகளோடும் காட்டுக்குள் தடம் பிடித்தது. நான்கில் மூன்று நாய்கள் பணியிலேயே இறந்தன. லக்கி மட்டும் மிஞ்சியது. விலங்குகளுக்கான வீரப்பதக்கம் என்று சொல்லப்படும் டிக்கின் பதக்கம் 2007-இல்தான் அந்தக் குழுவுக்காக லக்கியின் பெயரில் அறிவிக்கப்பட்டது. பாராட்டுரையில் விடாத வெப்பமும் நுழைய முடியாத காடும் குறிப்பிடப்படுகின்றன. குளிர்நாட்டில் ஆடு மேய்க்க உருவான, இரட்டை ரோமம் போர்த்திய நாயைப் பூமத்தியரேகைக் காட்டில் இறக்கினால் பாராட்டுரையில் வெப்பம் வராமல் எப்படி இருக்கும்?

இந்த நாய்களின் திறமையைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. தேவை மனிதர்களுடையது, இடம் அதற்குரியது அல்ல, இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தை நாய் தன் உடம்பால் கட்டியது என்பதைத்தான் சொல்கிறேன். மச்சானின் ஜெர்மன் ஷெப்பர்டை நான் அந்த இடத்தில்தான் மனசுக்குள் அடித்துப்போட்டேன். காவலுக்கு அது நிற்கும். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அதை இழுத்துக்கொண்டு நடக்க எழுபது வயது மூட்டு நிற்குமா?

அக்கா மகனின் ஹஸ்கியும் அப்படித்தான். கேமரனில் குளிர் உண்மை. பதினைந்திலிருந்து இருபத்தைந்து டிகிரி. ஆனால் ஹஸ்கி குளிருக்காக மட்டும் உருவான நாய் அல்ல, ஓடுவதற்காக உருவானது. 1925-இல் அலாஸ்காவில் நோம் என்ற ஊருக்குத் தொண்டை அடைப்பான் மருந்து கொண்டுபோனார்களே, கிட்டத்தட்ட 1,085 கிலோமீட்டர் பனியில், ஐந்தரை நாளில், நாய்வண்டிகள் மாறி மாறி. அந்த வம்சத்தைக் கார் நிற்கும் அளவு சிமெண்டில் கட்டிப்போட்டால் அது என்ன செய்யும்? ஊளையிடும். வாழையைத் தோண்டும். பிறகு "இந்த நாய் சரியில்லை" என்பார்கள்.

அவசரகாலத்தில் லயத்தில் நாய்கள் குறைந்துபோயின என்று அப்பா சொல்லியிருக்கிறார். தாத்தா சொல்லிக் கேட்டது. ராத்திரி நாய் குரைத்தால் காட்டிலிருந்து வருகிறவனுக்கும் கோபம், விடிந்ததும் விசாரிக்க வருகிற போலீசுக்கும் சந்தேகம். "யாரப் பாத்துடா கொரைச்சுது" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அந்த ஆண்டுகளில் தாத்தா வளர்த்த ஜிம்மி, குரைக்காததால்தான் வீட்டில் இருந்ததாம்.

5

இப்போது எங்கள் கணக்கு.

அப்பா 55 வயதில் ஓய்வுபெற்றார். 2001. லயத்து வீடு தோட்டத்தின் வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. முப்பது வருடம் அங்கே வாழ்ந்தாலும் சுவரில் அடித்த ஆணிகூட நம்முடையது இல்லை. தாப்பாவில் ஒரு மலிவு அடுக்குமாடியில் நாலாவது மாடி கிடைத்தது. நாய் வளர்க்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

எங்களிடம் அப்போது இருந்தது மணி. ஜிம்மிகளின் வரிசையில் வராமல் என் பிடிவாதத்தால் தமிழ்ப் பெயர் பெற்ற முதல் நாய். எனக்கு வயது பதினாறு. சாமான் ஏற்றிய லோரி கிளம்பியபோது மணி பின்னால் ஓடிவந்தது. முதல் வளைவு. இரண்டாவது வளைவு. கோயில் தாண்டி, பாலம் தாண்டி. அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் பின்னால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் பார்த்தேன். பாலத்துக்கு அப்பால் மணி உட்கார்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் சோறு போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். போட்டார்கள் என்றுதான் நம்புகிறேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது மணி இல்லை. "நாயி புடிக்கிறவனுங்க வந்தானுங்க" என்று மட்டும் சொன்னார்கள். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1980களிலும் 90களிலும் ரப்பர்த் தோட்டங்கள் வீட்டுமனைகளாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறியபோது இந்த நாடு முழுவதும் தமிழர்கள் லயத்திலிருந்து அடுக்குமாடிக்கு ஏறினார்கள். தேயிலைத் தோட்டம் மூடவில்லை. பிள்ளைகள் கீழே நகரத்துக்குப் போனார்கள், லயங்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும் வந்தார்கள். தோட்டத்தை விட்டவர்கள் இழந்தவற்றின் பட்டியல் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கோயில், பள்ளி, மாடு, காய்கறிப் பாத்தி. அந்தப் பட்டியலில் நாயை நான் பார்த்ததில்லை. எழுதியவர்களும் லோரியில் போனவர்கள்தானே, திரும்பிப் பார்க்கத் தைரியம் வந்திருக்காது.

தெலோம் நாய் ஏறியது ஏணி. எங்கள் நாய்க்கு வைக்கப்பட்டது நாலு மாடிப் படிக்கட்டு. அதில் ஏற அதற்குக் காலில்லாமல் இல்லை. அனுமதி இல்லை.

அன்றைக்கு மணியைத் தேர்ந்தெடுத்தபோது நாங்கள் எதையெல்லாமோ பார்த்தோம். நகம், காது, தாய். வீடு யாருடையது என்று மட்டும் பார்க்கவில்லை. அம்மா பார்க்கச் சொன்னது அதைத்தான் என்று இப்போது புரிகிறது.

6

போன மாதம் ரிங்லெட்டுக்குப் போய் நானும் அம்மாவும் வீட்டைப் பார்த்தோம். நிஜமாகவே, ஒரு பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டு.

வீட்டுக்காரரிடம் கேட்டோம். ஒரு நாய் என்றால் சரி என்றார், அதை எழுத்தில் வாங்கினேன். நகராண்மை உரிமம் எடுக்க வேண்டும். எத்தனை நாய், எந்த வகை வீட்டில் என்பதை ஒவ்வோர் ஊராட்சியும் தன் விதியில் வைத்திருக்கிறது. 2015-இன் விலங்கு நலச் சட்டம் கொடுமைப்படுத்தினால் 20,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட் வரை அபராதமும், மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கிறது. இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அப்பல்லாம் இது இருந்திருந்தா தாத்தாவப் புடிச்சிட்டுப் போயிருப்பாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்மளையுந்தான்" என்றார்.

பக்கத்து வீடு ஒரு மலாய்க் குடும்பம். நோன்பு மாதத்தில் அம்மாவுக்குக் கஞ்சி வருகிற வீடு. அம்மாவே போய்ப் பேசினார். நாய் வாய்பட்டால் அவர்கள் மதப்படி ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்கலந்த தண்ணீர். துணி காயப்போடும் பக்கம் வராமல் இருந்தால் போதும் என்றார் அந்த அம்மா. அந்தப் பக்கம் நெருக்கமாக வலை அடித்தோம். வேலிக்கு ஆன செலவுதான் இதுவரை நாய்க்கு ஆன ஒரே செலவு.

அடுத்தது அம்மாவின் நாள். ஐந்து மணிக்கு எழுவார். கோலம், சாமி, பசியாற. காலை வெயிலில் சந்தை வரை மெதுவாக ஒரு நடை. மதியம் மழை. மாலை சீரியல். ராத்திரி மூட்டுவலி. இந்த நாளுக்குள் நுழைகிற நாய் பெரிதாக இருக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. முடி அதிகம் இருந்தால் இந்த ஈரத்தில் தோல் கெடும். பூடலுக்கு மாதாமாதம் முடி வெட்ட ஈப்போவுக்குப் போக வேண்டும். பட்டியலை முடித்தபோது கடைசியில் வந்து நின்றது பழைய கம்பத்து நாய்தான். பெட்டையாக இருந்தாலும் சரி, கருத்தடை செய்துவிடலாம் என்றேன். "பொட்டையாத்தான் வேணும்" என்றார் அம்மா. ஏன் என்று நான் கேட்கவில்லை.

கம்போங் ராஜா போகும் வழியில் ஒரு சீனக் காய்கறித் தோட்டம். கொட்டகையில் ஒரு பழுப்பு நாய் ஆறு குட்டி போட்டிருந்தது. ஐந்து வாரம். அம்மா முதலில் குட்டிகளைப் பார்க்கவில்லை. தாய்க்கு ரொட்டி போட்டுவிட்டு, ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கூப்பிடவும் இல்லை, தொடவும் இல்லை. ஒரு குட்டி வந்ததுமே செருப்பைக் கடித்து இழுத்தது. இரண்டு, கூடைக்குப் பின்னாலிருந்து வரவே இல்லை. செம்மண் நிறத்தில் ஒன்று வந்து முகர்ந்தது. லோரி ஹாரன் கேட்டுப் பயந்து ஓடியது. பிறகு தானாகத் திரும்பி வந்தது. "பயப்படுது. ஆனா திரும்பி வருது. இது போதும்" என்றார் அம்மா. பெட்டைக்குட்டி.

இப்போதே தூக்கிப்போகலாம் என்றார் தோட்டக்காரர். நான் வேண்டாம் என்றேன். எட்டு வாரம் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கட்டும். கடி எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது அங்கேதான். ஆனால் வாரம் ஒருமுறை அம்மா போய்ப் பார்ப்பார். கலிபோர்னியாவில் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களைத் தேர்ந்தெடுத்த கிளாரன்ஸ் பாஃபன்பெர்கர், ஸ்காட்டோடு சேர்ந்து வேலை செய்தவர். சோதனையில் நன்றாகத் தேறிய குட்டிகளே, வீட்டுக்குப் போகாமல் கூண்டில் சில வாரம் கூடுதலாகக் கிடந்தால் பிறகு தோற்றுப்போவதை அவர் கண்டார். நல்ல குட்டியைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது காரில் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அணைக்கட்டு தாண்டியதும் கேட்டார்.

"நாயி பதினஞ்சு வருசம் இருக்கும். எனக்கு எழுவது. நான் போனப்புறம் இது எங்க போவும்?"

"நான் எடுத்துக்கிறேம்மா."

"ஒன் வீட்டுல நாயி வச்சிக்கலாமா?"

நான் பதில் சொல்லவில்லை. கிள்ளானில் நான் இருப்பது பதினொன்றாவது மாடி. கீழே மின்தூக்கிப் பக்கத்தில், நாய்ப்படத்தின்மேல் சிவப்புக் கோடு போட்ட அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. ஐந்து வருடமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

"அப்ப இன்னும் வீட்டப் பாக்கல" என்றார் அம்மா.

குட்டிக்கு எட்டு வாரம் ஆக இன்னும் பத்து நாள் இருக்கிறது. நான் கிள்ளானில் தரைவீடு தேடிக்கொண்டிருக்கிறேன். முகவர்கள் எத்தனை அறை வேண்டும், எவ்வளவு வாடகை என்று ஆரம்பிக்கிறார்கள். நான் அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.